சத்தம் வராமல் இறங்குவது

பூட்டுக்காரர் தன் மகளின் அறைக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளிருந்து தொப்பென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் தொப்.

"கேட்டியாடா தம்பி?" என்றாள் அவருடைய அக்கா, காதோடு காதாக. கீழ் வீட்டில் குடியிருப்பவள். புகார் சொல்வதற்கென்றே மாடியேறி வந்திருந்தாள். "ஒரு வாரமா சாயங்காலமானா இதே கூத்து. என் தலை மேலயே விழற மாதிரி இருக்கு. ஒரு ஆள் குதிக்கிற சத்தமா இது? எனக்கென்னவோ ரெண்டு ஆள் மாதிரி படுது."

அந்த 'ரெண்டு ஆள்' காதில் விழுந்ததும் பூட்டுக்காரர் கதவோடு காதை ஒட்டினார். அவர் சாதாரணமாகவே எதையும் நம்பாத மனுஷன். பூட்டு விற்கிறவனுக்கு அது தொழில் தர்மம். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளுக்குப் பூட்டும் தாழும் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். எந்த வீட்டில் எந்த ஜன்னல் பலவீனம், எந்தக் குழாயைப் பிடித்து எந்த மாடிக்கு ஏறலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரில் திருடனுக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும், திருடாததுதான் வித்தியாசம்.

"கதவைத் திற."

சத்தம் நின்றது. தாழ்ப்பாள் விலகியது. உள்ளே இளைய மகள் வியர்த்து விறுவிறுத்து நின்றாள். பள்ளிக்கூட ஹேண்ட்பால் அணியில் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். உயரம் கம்மி, எகிறினால் மட்டும் ஆளை மறைக்கும் உயரம். அறையின் நடுவில் ஒரு முக்காலி. எதிரே, தையல்காரியான அவள் அம்மா துணி போட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஆளுயரக் கண்ணாடி. இரண்டு நாளாக அம்மா அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பூட்டுக்காரர் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். அது அவரே போட்ட கம்பி, ஆடவில்லை.

"யாரு இருந்தா இங்க?"

"யாரும் இல்லப்பா. நான்தான் குதிச்சேன்."

"எதுக்கு?"

அவள் அத்தையை ஒரு பார்வை பார்த்தாள். வார்த்தையை மென்று முழுங்கினாள். "சும்மா."

சும்மா என்ற சொல்லைப் போலத் தகப்பன்மாரின் தூக்கத்தைக் கெடுக்கிற சொல் வேறு கிடையாது. "சும்மா முக்காலி மேல ஏறிக் குதிப்பாளாம்! அதுவும் கண்ணாடி முன்னாடி! அதுவும் தாழ் போட்டுக்கிட்டு!" என்று அத்தை எண்ணெய் ஊற்றினாள். பூட்டுக்காரர் போய் ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்தார். தாழ்ப்பாளை ஒவ்வொரு திருகாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஊருக்கெல்லாம் தாழ் மாட்டுகிறவர் சொந்த மகளின் தாழைக் கழற்றியதில் ஏதோ வேடிக்கை இருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். அந்த வீட்டில் அது அவ்வளவு சுலபமில்லை. அங்கே 'முட்டி' என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை.

காரணம் மூத்தவள். அவளும் ஹேண்ட்பால் ஆடியவள்தான். தங்கையின் வயதில் ஒரு போட்டியில் உயரே எகிறிப் பந்தை எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினாள். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே ஏதோ படக்கென்று அறுந்ததை அவளே கேட்டாள். யாரும் அவளை இடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பூட்டுக்காரர் கணக்குப் போட்டுவிட்டார். அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு நாலு பேர் பார்க்க ஆடி, காலை உடைத்துக்கொண்டு வந்த பெண்ணை நாளைக்கு எவன் கட்டுவான்?

"யார் கேட்டாலும் மாடிப்படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லு," என்றார். டாக்டரிடமும் அதையே சொன்னார். டாக்டர் வீக்கத்தைப் பார்த்தார், எலும்பு முறியவில்லை என்றார், கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். எகிறி இறங்கும்போது படக்கென்று கேட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வேறு விதமாகத் தேடியிருப்பார். யாரும் சொல்லவில்லை. வீக்கம் வடிந்தது, வலி அடங்கியது. முட்டி மட்டும் பழைய முட்டியாக ஆகவில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறாள்; படியிறங்கும்போது திடீரென்று அது கழன்றுகொள்கிறது, கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறாள். இதில் ஒரு பாவமும் அறியாதது அந்த மாடிப்படி ஒன்றுதான். பழியை அது சுமந்தது.

இதெல்லாம் அத்தைக்குத் தெரியாது. அப்போது அவள் வேறு ஊரில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். அவள்தான் மூத்தவளுக்கு இப்போது ஒரு வரன் கொண்டுவந்திருந்தாள்.

அப்புறம் இளையவளை மட்டும் எப்படி ஆட விட்டார்கள்? விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மானம் பெரிதுதான், ஆனால் கல்லூரி இடமும் சின்னதில்லை. இப்போது முட்டிக்காகத்தான் பயிற்சி செய்கிறேன் என்று வெட்டுக்கிளி வாயைத் திறந்தால், முட்டி போகிற ஆட்டமே வேண்டாம் என்று பையைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால்தான் சும்மா.

மறுநாள் மத்தியானம் அவள் போன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. அம்மா அதை எடுத்தாள். எடுத்தது தப்பு என்று அவளுக்கும் தெரியும். தாழ்ப்பாளே போன வீட்டில் போனுக்கு மட்டும் என்ன மரியாதை என்று நினைத்திருப்பாள். வந்திருந்த குரல் பதிவைத் தட்டியதும் ஒரு ஆண்குரல் பேசியது.

"சத்தம் வரக்கூடாது, புரியுதா? இறங்குறப்ப பக்கத்து ரூம்ல இருக்கிறவங்களுக்குக்கூடக் கேக்கக்கூடாது. முட்டி ரெண்டையும் சேர்க்காதே. முதல்ல ரெண்டு காலால இறங்கு, பழகின பிறகு ஒத்தைக் கால்ல. கண்ணாடி முன்னாடி நின்னு செய். வெள்ளிக்கிழமை நானே நேர்ல பார்க்கிறேன்."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்கு ஆளனுப்பினாள். பூட்டுக்காரர் ஓடிவந்து அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அத்தையும் வந்துவிட்டாள். வாசனை பிடித்தது போல எப்படித்தான் வருவாளோ, அது அவளுக்கே வெளிச்சம்.

'இறங்கு' என்றால் அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். மாடியிலிருந்து இறங்கு. பூட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். கழிவுநீர்க் குழாய், அதிலிருந்து கீழ் வீட்டு ஜன்னல் மேல்தளம், அங்கிருந்து மதில். அவரே இறங்கினால்கூடச் சத்தம் வராமல் இறங்கிவிடலாம். வெள்ளிக்கிழமை அவன் கீழே நின்று பிடித்துக்கொள்வான்.

"அதெல்லாம் சரி, ஒத்தைக் கால்ல எதுக்குடா இறங்கணும்?" என்றாள் அத்தை.

"குழாய் ஒரு பக்கமா இருக்குல்ல. ஒரு கால்தான் வைக்க முடியும்."

"முட்டியைச் சேர்க்காதேங்கிறானே, படுபாவி! பொறந்ததிலேருந்து நாம சேர்த்து வை, சேர்த்து வைன்னு சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். காலைச் சேர்த்து உக்காரு, காலைச் சேர்த்து நில்லு. இவன் யாருடா வந்து பிரிக்கச் சொல்றது?"

அம்மா அழ ஆரம்பித்தாள். மகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்குக் கேட்கப் பிடிக்காது. கேட்டால் பதில் வந்துவிடும், அப்புறம் சந்தேகப்பட முடியாது. பூட்டுக்காரர் அன்றைக்கே வராந்தாக் கம்பிக்கதவில் கடையிலேயே பெரிய பூட்டாகப் பார்த்துப் போட்டார். சாவி அவர் இடுப்பில்.

வெள்ளிக்கிழமை கடையைப் பாதியில் சாத்திவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பிய மகளைத் தூரத்திலேயே தொடர்ந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிளம்பியவர்தான். அவள் நேரே விளையாட்டு மைதானத்துக்குள் நுழைந்தாள். மைதானத்தின் மதிலோரம் ஏழெட்டு ஆண்கள் டீ டம்ளரோடு சாய்ந்து நின்றிருந்தார்கள். அவர்களோடு அவரும் கலந்து நின்றார்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள். கோச் என்று தெரிகிற நடுவயது ஆள் ஒருவர் கழுத்தில் விசிலோடு நின்றார். ஒவ்வொருத்தியும் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறிக் கீழே குதித்தாள். "சத்தம் வருது! மறுபடியும் ஏறு!" என்றார் கோச். "முட்டியை மடக்கி இறங்கு. முட்டி கால்விரலைப் பார்க்கணும், பக்கத்து முட்டியைப் பார்க்கக்கூடாது. உள்ளே சாய விடாதே." பிறகு எல்லாரும் பாதங்களை அகட்டி வைத்து, முதுகு நிமிர்ந்து, உட்கார்ந்து எழுந்தார்கள். பிறகு ஓடிவந்து, ஒரே காலை ஊன்றித் திரும்பாமல் சின்னச்சின்ன அடி வைத்துத் திரும்பினார்கள்.

பூட்டுக்காரருக்கு விளங்கிவிட்டது. மாடியும் இல்லை, குழாயும் இல்லை. ஒரு நிமிஷம் அவருக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பக்கத்தில் நின்றவன் கெடுத்தான்.

"அந்தக் குட்டைப் பொண்ணைப் பாருங்க அண்ணே," என்று முழங்கையால் இடித்தான். "உக்கார்றதைப் பாருங்க. வீட்டுல ஆம்பளைங்க இல்ல போல."

குட்டைப் பெண் அவருடைய மகள். பூட்டுக்காரருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நான்தான் தகப்பன் என்று சொல்ல வேண்டிவரும்.

கோச் விறுவிறுவென்று மதிலோரம் வந்தார். "கிளம்புங்க எல்லாரும். தினம் தினம் உங்களுக்கு என்ன இங்க?" மற்றவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். பூட்டுக்காரர் மட்டும் நின்றார். கோச் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க போகலையா? புதுசா இருக்கீங்க. இடுப்புல என்ன சாவிக்கொத்து? யாரைப் பார்க்க வந்தீங்க?"

"என் பொண்ணு இங்க..."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

ஆயுள் முழுக்க ஊரைச் சந்தேகப்பட்டவரை ஊர் சந்தேகப்பட்டது அன்றைக்குத்தான். கடைசியில் வெட்டுக்கிளியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அவள் வந்தாள், அப்பாவைப் பார்த்தாள், எதற்காக வந்தார் என்று நொடியில் புரிந்துகொண்டாள். "எங்கப்பாதான் சார்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கோச் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு கிடைத்த தகப்பனை விடவில்லை. பெற்றோர் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை என்பதால் நிறையப் பேசினார். "இந்தப் பயிற்சி எதுக்குன்னா சார், ஓடற, எகிறற ஆட்டத்துல பசங்களைவிடப் பொண்ணுங்களுக்கு முட்டிக்குள்ள இருக்கிற லிகமெண்ட் அறுந்து போறது அதிகம். பெரும்பாலும் யாரும் மேல மோதறதுகூட இல்ல. எகிறிட்டு இறங்கறப்ப, சடார்னு திரும்பறப்ப, முட்டி உள்ள சாயும், அவ்வளவுதான். விரல் தடிமன்கூட இல்லாத நார் சார் அது. போச்சுன்னா வருஷக்கணக்குல இழுக்கும். ஆட்டத்துக்கு முன்னாடி கால் மணி நேரம் இதைச் செஞ்சா நிறையத் தடுக்கலாம். செலவே கிடையாது. ஆனா செய்ய விடமாட்டேங்கிறாங்களே! பொண்ணுங்க காலை அகட்டி உக்கார்றாங்கன்னு பாதி வீட்டுல சண்டை. மூணு பொண்ணுங்களை நிறுத்திட்டாங்க."

பூட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணுக்கு இடது முட்டி ரொம்பவே உள்ள சாயுது. அதனாலதான் வீட்டுலயும் செய்யச் சொன்னேன். ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. வீட்டுல அவ கூடப் பிறந்தவங்க யாருக்காவது முன்னாடி இப்படி முட்டி போயிருக்கா? போயிருந்தா இவளுக்கும் ஆபத்து கூடுதல். முதல்ல ஒரு பிசியோகிட்ட காட்டி, கால்ல பலம் ஏத்தி, அப்புறம்தான் மேட்சுல இறக்குவேன்."

மூத்தவள் படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றுவது அவருக்குக் கண்முன் வந்தது. கூடவே ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்களும் வந்தார்கள். இந்த ஆள் எங்கெங்கே என்னென்ன பேசுவானோ என்ற எண்ணமும் வந்தது.

"அப்படியெல்லாம் யாருக்கும் இல்ல சார்," என்றார்.

"நல்லவேளை. அப்ப அடுத்த வாரமே இறக்கிடலாம்."

வீட்டுக்கு வந்ததும் பூட்டுக்காரர், கோச் நல்ல மனுஷன்தான் என்று மனைவியிடம் முணுமுணுத்தார். வராந்தாப் பூட்டை மட்டும் எடுக்கவில்லை. மகளிடம், "அந்தக் குதிப்பெல்லாம் மைதானத்தோட வச்சுக்க. ஞாயித்துக்கிழமை முடியிற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு சத்தம் கேக்கக்கூடாது," என்றார். அதையேதான் கோச்சும் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன அக்காவின் பின்னாலேயே வெட்டுக்கிளியும் போனாள். முகம் சரியில்லை.

"அடுத்த வாரம் மேட்சுல இறக்கறாங்கக்கா."

"அட, அதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?"

"நம்ம வீட்டுல யாருக்கும் முட்டி போனதில்லன்னு அப்பா சொன்னாராம். அதனால பிசியோவெல்லாம் வேண்டாமாம், நேரா இறக்கலாம்னு கோச் சொல்லிட்டாரு."

மூத்தவளின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "யாருக்கும் இல்லன்னாரா?"

"ஆமா."

ஆறு வருஷமாக அவள் அந்தப் பொய்யைச் சொல்லிவருகிறாள். மருந்துக்கடையில் கேட்டவர்களிடம், சொந்தக்காரர்களிடம், மனசுக்குள்ளேயே சில நேரம். ஒரு தடவைகூடக் கோபம் வந்ததில்லை. தன் கால்தானே போயிற்று என்று இருந்துவிட்டாள். இப்போது அந்தப் பொய் தங்கையின் காலுக்கு வந்து நிற்கிறது. கோபம் வந்தது அவளுக்கு.

"கோச்கிட்ட உண்மையைச் சொல்லிடு."

"சொன்னா உக்கார வச்சுடுவாருக்கா. இந்த மேட்சைப் பார்க்கத்தான் காலேஜ்லேருந்து வர்றாங்க. ஒரே ஒரு மேட்ச்தான்."

"எனக்கும் ஒரே ஒரு மேட்ச்தான்டி."

கொடியில் மிச்சமிருந்த துணிகளை இரண்டு பேரும் எடுத்து மடித்தார்கள். பிறகு வெட்டுக்கிளி, "நாளைக்கு உன்னைப் பார்க்க வர்றாங்க. நீ அதைப் பாரு முதல்ல," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளை சாது. வந்ததிலிருந்து தன் செருப்பு பத்திரமாக இருக்கிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாதான் கண்கொத்திப் பாம்பு. கை கழுவப் போகிறேன் என்று எழுந்தவர் வழியில் இருந்த எல்லாக் கதவுகளையும் லேசாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்று தாழில்லாத கதவு. உள்ளே வெட்டுக்கிளி முக்காலியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் பார்க்காவிட்டால் ஆள் இருப்பதே தெரியாது; அவ்வளவு பூவாக இறங்கினாள். அந்தம்மா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

டீ குடித்து முடித்ததும் பேச்சை ஆரம்பித்தார். "பொண்ணு நடக்கறப்ப ஒரு கால் கொஞ்சம் தயங்குதே?"

"அது ஒண்ணுமில்ல சம்பந்தி," என்று அத்தை முந்திக்கொண்டாள். இன்னும் சம்பந்தியே ஆகவில்லை. "சின்ன வயசுல மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா. மழைத் தண்ணி."

"எந்தப் படி?"

"ஆங்?"

"எந்தப் படியில விழுந்தான்னு கேட்டேன். வாங்க, பார்க்கலாம்."

சொன்னவர் எழுந்தே விட்டார். வேறு வழியில்லாமல் எல்லாரும் அவர் பின்னால் வாசலுக்கு வந்து மாடிப்படியின் உச்சியில் கூட்டமாக நின்றார்கள். சிமெண்ட் படி, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி. அம்மா கீழிருந்து இரண்டாவது படியைக் காட்டினாள். அதே நேரத்தில் பூட்டுக்காரர் மேலிருந்து முதல் படியைக் காட்டினார். இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றன. அங்கேயும் இங்கேயும் பார்த்த அத்தை நியாயமாக நடுப்படியைக் காட்டினாள்.

"மூணு படியிலயும் விழுந்தாளா?" என்றார் அந்தம்மா.

"உருண்டு விழுந்தா," என்றார் பூட்டுக்காரர். அசடு வழிந்தது.

"மேல கூரை இருக்கே. மழைத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

அப்போது பின்னாலிருந்து மூத்தவள் பேசினாள். குரல் உயரவில்லை. மருந்துக்கடையில் எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது என்று சொல்லும் அதே குரல்.

"நான் எந்தப் படியிலயும் விழல. ஹேண்ட்பால் ஆடினேன். எகிறி இறங்கறப்ப முட்டிக்குள்ள நார் அறுந்துபோச்சு. படியில விழுந்ததாச் சொன்னதால டாக்டருக்கும் தெரியல, சரியாவும் பார்க்கல. இப்ப என் தங்கச்சியும் அதே ஆட்டம்தான் ஆடறா. எங்க வீட்டுல யாருக்கும் அப்படி ஆனதில்லன்னு அவ கோச்கிட்ட அப்பா சொல்லிட்டு வந்திருக்காரு. நாளைக்கு நானே போய் இருக்குன்னு சொல்லப்போறேன்."

"அடிப்பாவி!" என்றாள் அத்தை. தனக்கு இத்தனை நாள் தெரியாமல் போனதே என்ற ஆத்திரமும் அதில் இருந்தது.

பூட்டுக்காரர் மகளைப் பார்த்தார். திட்ட வாயெடுத்தார். அவள் நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு வரவில்லை. அவள் பின்னால் வெட்டுக்கிளி வந்து நின்றிருந்தாள். கைநழுவப்போகிற மேட்சை நினைத்துக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா பெருமூச்சு விட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "படியில விழுந்ததுன்னா பரவாயில்லம்மா. அது யாருக்கும் நடக்கறதுதான், ஆஸ்பத்திரியில காட்டிச் சரி பண்ணிக்கலாம்னு கட்டி வச்சிருப்பேன். ஆனா டவுசர் போட்டுக்கிட்டுப் பந்து விளையாடி வந்ததுன்னா எங்க ஆளுங்ககிட்ட நான் என்ன சொல்றது? நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. நீயே சொல்லு."

முட்டி அதே முட்டிதான். அறுந்த நாரும் அதேதான். அது எங்கே அறுந்தது என்பதில்தான் ஒரு கல்யாணம் இருந்திருக்கிறது. அந்தம்மா மகனை வண்டியை எடுக்கச் சொல்லி அனுப்பினார். அவன் செருப்பு பத்திரமாகத்தான் இருந்தது. போட்டுக்கொண்டு இறங்கினான். அத்தை பின்னாலேயே சமாதானம் சொல்லிக்கொண்டு ஓடினாள். அம்மா உள்ளே போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள், தைக்கவில்லை. பூட்டுக்காரர் எங்கே நிற்பது என்று தெரியாமல் வராந்தாப் பக்கம் போய்விட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் இன்னும் இறங்கவில்லை. கீழே எட்டிப் பார்த்தார். மகன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். சட்டென்று மூத்தவளின் பக்கம் நெருங்கி வந்தார்.

"உன் தங்கச்சி உள்ள குதிச்சுக்கிட்டு இருந்தாளே. அது இதுக்குத்தானா?"

"ஆமாங்க."

"என் சின்னப் பொண்ணு ஸ்கூல்ல கூடைப்பந்து ஆடறா." குரல் இன்னும் இறங்கியது. "அவ அப்பாவுக்குத் தெரியாது. பாட்டு கிளாஸ்னு சொல்லி வச்சிருக்கேன். எகிறிட்டு இறங்கறப்ப அவளுக்கும் முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. எனக்கு என்னவோ போல இருக்கும், என்னன்னுதான் தெரியல. நீ அவளுக்குச் சொல்லித் தருவியா?"

மூத்தவள் அந்தம்மாவையே பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போன நேரம் அது. "அனுப்பி வைங்க. ரெண்டு பேருமே சொல்லித் தர்றோம்."

"நம்பர் சொல்லு."

சொன்னாள். அந்தம்மா தட்டிக்கொண்டார். பெயர் கேட்கும் இடத்தில் கட்டைவிரல் கொஞ்சம் நின்றது. பிறகு 'தையல்' என்று அடித்தார். வீட்டில் யாராவது பார்த்தால் ஒரு கேள்வியும் வராது.

மூத்தவள் கையை நீட்டினாள். அந்தம்மா என்ன என்று யோசிப்பதற்குள் போனை வாங்கி, 'தையல்' என்பதை அழித்தாள். 'ஹேண்ட்பால்' என்று நிதானமாக எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்படி இருந்தா அனுப்புங்க. இல்லன்னா வேண்டாம்."

கீழே வண்டி ஹாரன் அடித்தது. அந்தம்மா திரையைப் பார்த்தபடி நின்றார். மாற்றவில்லை. வெளிச்சம் வெளியே தெரியாதபடி போனை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கைப்பிடியைப் பற்றி, படியிறங்கிப் போனார்.